பவுலின் பயணத் தலங்கள்

பவுலின் பயணத் தலங்கள் என்பவை, தொடக்கக் காலக் கிறித்தவ நற்செய்திப் பணியாளரான திருத்தூதர் பவுல் கி.பி. முதல் நூற்றாண்டில் சென்றுவந்ததாக விவிலியம் குறிப்பிடும் ஊர்களும், அவரது நினைவாகப் பிற்காலத்தில் போற்றப்பட்டுவரும் இடங்களும் ஆகும். இவை எருசலேம் நகரிலும், இன்றைய சிரியா, இஸ்ரேல், துருக்கி, சைப்ரஸ், கிரீஸ், மால்ட்டா, இத்தாலி ஆகிய நாடுகளிலும் பரவியுள்ளன. கிறித்தவர்கள் திருப்பயணமாகவும், வரலாற்று ஆர்வலர்கள் ரோமானியப் பேரரசின் நகரங்களைக் காணும் நோக்கிலும் இவ்விடங்களுக்குச் செல்கின்றனர்.

இத்தலங்களில் காணப்படும் எல்லாமே பவுலின் காலத்தவை அல்ல. அவர் நடந்த சாலையும், அவருக்கு இரு தலைமுறைக்குப் பின் எழுந்த நூலகமும், சென்ற நூற்றாண்டில் கட்டப்பட்ட நினைவுச் சின்னமும் அருகருகே நிற்கும். எது எக்காலத்தது என்பதைப் பிரித்தறிந்து பார்ப்பவருக்கே இத்தலங்கள் முழுமையாக விளங்கும்.

பின்புலம்

பவுல் இன்றைய தெற்குத் துருக்கியில் உள்ள தர்சு நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். சவுல் என்பது அவரது யூதப் பெயர். ரோமைக் குடியுரிமை பெற்றிருந்த இவர், கூடாரம் செய்யும் தொழிலை அறிந்தவர். முதலில் கிறித்தவர்களைத் துன்புறுத்திய இவர், தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் மனமாற்றம் அடைந்து, அதே சமயத்தைப் பரப்பும் பணியில் வாழ்நாளைச் செலவிட்டார்.

இவரது பயணங்களை அறிய இரண்டு மூலங்கள் உள்ளன. ஒன்று, புதிய ஏற்பாட்டிலுள்ள திருத்தூதர் பணிகள் என்னும் நூல். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இது அப்போஸ்தலருடைய நடபடிகள் எனப்படுகிறது. மற்றொன்று, பவுல் எழுதிய கடிதங்கள். பயணங்களை மூன்றாகவும், கைதியாக ரோமுக்குச் சென்றதைத் தனியாகவும் எண்ணுவது வழக்கம். இந்த எண்ணிக்கை நூலிலேயே இல்லை. படிப்போரின் வசதிக்காகப் பிற்காலத்தவர் வகுத்தது.

பவுல் பெரும்பாலும் சாலைச் சந்திப்புகளிலும் துறைமுகங்களிலும் அமைந்த நகரங்களையே தேர்ந்தெடுத்தார். அவற்றுள் பல, ரோமானியப் படைவீரர்கள் குடியேற்றப்பட்ட ஊர்கள். யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்த இடங்களில் அவர் முதலில் அங்குச் சென்று பேசுவது வழக்கம். நிலத்தில் நடந்தும், கடலில் சரக்குக் கப்பல்களில் இடம்பிடித்தும் பயணம் செய்தார். குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் கப்பல் போக்குவரத்து ஏறத்தாழ நின்றுவிடும். ஆதலால் பருவகாலமும் அவரது வழியை முடிவு செய்தது.

தலங்களின் மூன்று வகை

பவுலின் தலங்களைக் கீழ்க்காணும் மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, அகழாய்வும் கல்வெட்டும் உறுதி செய்தவை. பவுல் காலத்துச் சாலை, அரங்கு, சந்தைவெளி, வழக்கு மேடை போன்றவை இதில் அடங்கும்.

இரண்டாம் வகை, ஊர் உறுதியானது, குறிப்பிட்ட இடம் மட்டும் மரபு வழி வந்தது. பவுல் பிலிப்பியில் சிறைப்பட்டார் என்று நூல் கூறுகிறது. ஆனால் இன்று காட்டப்படும் அறைதான் அந்தச் சிறை என்பதற்குச் சான்று இல்லை.

மூன்றாம் வகை, பிற்கால நினைவிடங்கள். சிற்றாலயங்கள், மொசைக் ஓவியங்கள், சிலைகள் ஆகியவை இவ்வகையின.

இம்மூன்றில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதில்லை. பதினைந்து நூற்றாண்டுகளாக மக்கள் ஓரிடத்தில் வேண்டிவந்தார்கள் என்பதும் ஒரு வரலாற்றுச் செய்தியே. அதனை முதல் நூற்றாண்டுச் சான்றாக எடுத்துக்கொள்ளும்போதுதான் பிழை நேர்கிறது.

தொடக்க இடங்கள்: தமஸ்கு, தர்சு, அந்தியோக்கியா

தமஸ்குவில் பவுல் தங்கியிருந்ததாகக் கூறப்படும் 'நேர்த் தெரு' இன்றும் பழைய நகரத்தின் முக்கியக் கடைத்தெருவாக உள்ளது. அதன் கிழக்கு முனையில் ரோமானியக் காலத்து வாயில் நிற்கிறது. அத்தெரு உறுதியான சான்று. அதன் அருகே அனனியாவின் இல்லம் எனக் காட்டப்படும் நிலத்தடிச் சிற்றாலயம் மரபு வழி வந்தது.

தர்சுவில் ரோமானியச் சாலையின் ஒரு பகுதி அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. அங்குள்ள 'பவுலின் கிணறு' மரபால் அப்பெயர் பெற்றது. பழைய நகரம் இன்றைய ஊருக்கு அடியில் புதைந்திருப்பதால் காணக்கூடியவை குறைவு.

பவுலின் பயணங்கள் புறப்பட்ட தளம், ஒரோன்டஸ் ஆற்றங்கரையில் இருந்த அந்தியோக்கியா. இயேசுவின் சீடர்கள் முதன்முதலில் 'கிறித்தவர்கள்' என அழைக்கப்பட்டது இந்நகரில்தான் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. இது இன்றைய துருக்கியின் அன்தாக்யா நகரம். மலைச்சரிவில் உள்ள பேதுருவின் குகைக்கோயில் இங்குப் புகழ்பெற்றது. 2023 பிப்ரவரி 6 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இந்நகரின் பழைய பகுதி பேரழிவுக்கு உள்ளானது. பேதுரு, பவுல் ஆகிய இருவர் பெயரிலும் இருந்த கிழக்கு மரபுவழித் திருச்சபைக் கோயில் இடிந்து விழுந்தது. எனவே, இந்நிலநடுக்கத்திற்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களின் அன்தாக்யா விவரங்கள் இன்றைய நிலைக்குப் பொருந்துவதில்லை.

அந்தியோக்கியாவின் துறைமுகமான செலூக்கியா, கடற்கரையில் சமன்தா என்ற ஊருக்கு அருகே இருந்தது. பவுல் முதல் பயணத்திற்குக் கப்பல் ஏறிய துறைமுகம் இப்போது மண் மூடிக் கிடக்கிறது. பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட நீண்ட நீர்வழிச் சுரங்கம் பயணிகளை வியக்க வைக்கும். ஆனால் அதன் பணி வெஸ்பாசியன் பேரரசர் காலத்தில் தொடங்கியது. பவுல் இங்கிருந்து புறப்பட்டபோது அது இல்லை.

முதல் பயணம்: சைப்ரஸும் தெற்குத் துருக்கியும்

ஏறத்தாழ கி.பி. 46 முதல் 48 வரை நடந்த இப்பயணத்தில் பர்னபா உடன் சென்றார். அவர்கள் முதலில் சென்றது, பர்னபாவின் பிறந்த நாடான சைப்ரஸ். தீவின் கிழக்கே உள்ள சாலமியில் இறங்கி, மேற்கே உள்ள பாப்போ வரை சென்றனர். சாலமியின் இடிபாடுகள் இப்போது தீவின் வட பகுதியில், துருக்கிய சைப்ரஸ் நிர்வாகத்தின் கீழ் உள்ளன. பாப்போ தெற்கே சைப்ரஸ் குடியரசில் உள்ளது. இரண்டையும் காண விரும்புவோர் தீவைப் பிரிக்கும் எல்லைக்கோட்டைச் சோதனைச் சாவடி வழியாகக் கடக்க வேண்டும்.

பாப்போவில் கிரிசோபோலிதிசா கோயில் வளாகத்தில் 'பவுலின் தூண்' என்ற உடைந்த தூண் உள்ளது. பவுலை அதில் கட்டிவைத்து 39 அடிகள் அடித்ததாக உள்ளூர் மரபு கூறுகிறது. பவுல் தம் கடிதத்தில், ஐந்து முறை அவ்வாறு அடிபட்டதாகக் குறிப்பிடுகிறார். ஊர்ப் பெயர்களைச் சொல்லவில்லை. திருத்தூதர் பணிகள் நூலோ பாப்போவில் ஆளுநர் செர்கியு பவுல் அவரை வரவேற்றுக் கேட்டதாகவே கூறுகிறது. ஆகவே இத்தூணை இரண்டாம் வகையில் சேர்க்க வேண்டும்.

அங்கிருந்து பவுல் கடல் கடந்து பெருகை வந்தார். இது இன்றைய அன்தால்யாவுக்கு அருகே உள்ளது. நகரின் இரு வட்டக் கோபுரங்கள் கிரேக்கர் காலத்தவை. எனவே பவுல் அவற்றைப் பார்த்திருப்பார். மக்களைக் கவரும் தூண் வரிசைத் தெருவின் பெரும்பகுதி 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

பெருகையிலிருந்து வடக்கே தாரசு மலைத்தொடரைக் கடந்தால் பிசிதியா அந்தியோக்கியா வரும். இப்பகுதியில் கி.மு. 6-ஆம் ஆண்டில் அகுஸ்து பேரரசர் காலத்தில் 'செபஸ்தே சாலை' அமைக்கப்பட்டது. அன்தால்யாவுக்கு வடக்கே தோஷெமே கணவாயில் அதன் கல் பாவிய பாதை இன்றும் நல்ல நிலையில் உள்ளது. பவுல் இவ்வழியே சென்றாரா, வேறு கணவாய் வழியே சென்றாரா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. நடைப்பயணம் விரும்புவோருக்காகப் பெருகைப் பகுதியிலிருந்து யால்வாச் வரை சுமார் 500 கி.மீ. நீளமுள்ள 'பவுல் பாதை' 2004-இல் அடையாளமிடப்பட்டது. மலைக் கிராமங்கள் வழியே செல்லும் இப்பாதை, பழைய சாலைகளை ஆங்காங்கே தொட்டுச் செல்லும் ஒரு நவீன நடைவழி ஆகும்.

யால்வாச் நகருக்கு அருகே பிசிதியா அந்தியோக்கியாவின் இடிபாடுகள் உள்ளன. அகுஸ்துவுக்காக எழுப்பிய கோயிலின் தளம், நீர் கொண்டுவந்த கல் வளைவுகள், பவுல் பெயரால் வழங்கும் பெரிய தேவாலயத்தின் அடித்தளம் ஆகியவற்றைக் காணலாம். இப்பகுதியில் கிடைத்த ஒரு கல்வெட்டில் செர்கியு பவுல் என்ற குடும்பப் பெயர் உள்ளது. சைப்ரஸ் ஆளுநரின் உறவினர்களுக்கு இங்கு நிலம் இருந்ததாகவும், அதனால்தான் பவுல் கடற்கரையை விட்டு இத்தனை தொலைவு மலையேறி வந்தார் எனவும் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அடுத்த ஊரான இக்கோனியா இன்றைய கோன்யா பெருநகரம். அங்குப் பவுல் காலத்துக் கட்டடம் எதுவும் நிலத்தின் மேல் காணப்படுவதில்லை. அதற்கடுத்த லிஸ்திராவும் தெருபையும் நீண்ட காலம் எங்கிருந்தன என்றே தெரியாமல் இருந்தன. 1885-இல் கோன்யாவுக்குத் தெற்கே ஹாதுன்சராய் அருகே ஊர்ப் பெயர் பொறித்த கல் கிடைத்ததால் லிஸ்திராவின் இடம் தெரிந்தது. 1956-இல் கரமான் நகருக்கு அருகே உள்ள ஒரு மண்மேட்டில் கிடைத்த கல்வெட்டு தெருபையின் இடத்தைக் காட்டியது. அங்குச் செல்பவர் காண்பது வயல்களுக்கு நடுவே எழும் மண்மேடுகளை மட்டுமே. தூண்களை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாற்றம் அடையலாம். எனினும் லிஸ்திராவில் மக்கள் பவுல்மேல் கல்லெறிந்து, இறந்துவிட்டார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டதாக நூல் கூறும் நிகழ்ச்சியின் தனிமையை, இந்த வெற்று மேடு நன்கு உணர்த்தும்.

இரண்டாம் பயணம்: கிரீஸ்

ஏறத்தாழ கி.பி. 49 முதல் 52 வரை நடந்த இப்பயணத்தில் பவுல் துரோவா துறைமுகத்திலிருந்து கடல் கடந்து ஐரோப்பாவில் கால் வைத்தார். அவர் இறங்கிய நெயாப்பொலி இன்றைய கவாலா. அங்கு நிக்கோலாவு கோயில் அருகே பெரிய மொசைக் நினைவுச் சின்னம் உள்ளது. இது அண்மைக்காலத்தது. ஊருக்கு மேலே மலைச்சரிவில் எக்னாத்தியா சாலையின் கல் பாவிய பகுதி இன்றும் இருக்கிறது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ரோமானியர் அமைத்த இச்சாலை, பவுல் பிலிப்பிக்கு நடந்த வழியாகும்.

பிலிப்பி 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. இங்குப் பவுலின் சிறை எனக் காட்டப்படும் சிறு அறை உண்மையில் ரோமானியக் காலத்து நீர்த்தொட்டி. பைசாந்தியக் காலத்தில் அது வழிபாட்டிடமாக்கப்பட்டது. இதற்கு மாறாக, எண்கோணக் கோயிலின் அடியில் கிடைத்த மொசைக் தரை உறுதியான செய்தி தருகிறது. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தரையில், ஆயர் போர்பிரியு 'பவுலின் கோயில்' ஒன்றை அமைத்த செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. பவுல் மறைந்து மூன்று நூற்றாண்டுகளுக்குள்ளேயே அவர் பெயரில் அங்குக் கோயில் இருந்ததை இது காட்டுகிறது. ஊருக்கு வெளியே ஓடும் சிற்றாற்றின் கரையில், பவுலிடம் திருமுழுக்குப் பெற்ற லீதியாள் என்ற துணி வணிகப் பெண்ணின் நினைவாக 20-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கோயில் உள்ளது.

தெசலோனிக்காவில் நகர ஆட்சியாளர்களைத் திருத்தூதர் பணிகள் நூல் 'பொலித்தார்க்' என்ற பட்டப்பெயரால் குறிக்கிறது. வேறு பழைய நூல்களில் இச்சொல் காணப்படாததால், நூலாசிரியர் பிழையாக எழுதினார் என்று ஒரு காலத்தில் சிலர் கருதினர். பின்னர் இப்பட்டப்பெயர் கொண்ட கல்வெட்டுகள் தெசலோனிக்காவிலேயே கிடைத்தன. அவற்றுள் ஒன்று நகரின் வர்தார் வாயிலில் இருந்தது. 1876-இல் வாயில் இடிக்கப்பட்டபின் அக்கல் லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. ஐயத்திற்குரியதாகத் தோன்றிய ஒரு சொல்லை ஒரு வாயில் கல் உறுதி செய்தது என்பதால் இது மாணவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஏதென்சு நகரில் பவுல் சந்தைவெளியில் மக்களோடு உரையாடினார். அகோரா எனப்படும் அவ்வெளி அகழ்ந்தெடுக்கப்பட்டு, பார்வையாளருக்குத் திறந்துள்ளது. அவர் உரையாற்றிய அரயோப்பாகு, அக்ரோபோலிஸ் குன்றுக்கு அருகே உள்ள பாறை மேடு. அதன் அடியில் அவரது உரை கிரேக்க மொழியில் வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டுள்ளது. அரயோப்பாகு என்பது குன்றின் பெயராகவும், நகர மன்றத்தின் பெயராகவும் வழங்கியது. ஆகவே பவுல் பேசியது பாறையின் மேலா, மன்றம் கூடிய வேறு கட்டடத்திலா என்பது முடிவாகவில்லை. அவர் உரையில் சுட்டிய 'அறியாத கடவுள்' பலிபீடமும் இதுவரை ஏதென்சில் கிடைக்கவில்லை. அறியாத கடவுளருக்கான பீடங்கள் அங்கு இருந்ததை 2-ஆம் நூற்றாண்டுப் பயண எழுத்தாளர் பவுசானியா குறிப்பிடுகிறார்.

கொரிந்தில் பவுல் ஒன்றரை ஆண்டு தங்கினார். பழைய கொரிந்தின் அகழாய்வுக் களத்தில் அப்பொல்லோ கோயிலின் ஏழு தூண்கள் நிற்கின்றன. பவுல் வந்தபோதே அவை ஐந்நூறு ஆண்டுக்கும் மேல் பழையவை. சந்தைவெளியின் நடுவே உயர்ந்த கல் மேடை ஒன்று உள்ளது. ஆளுநர் மக்கள் முன் தோன்றும் மேடை இது. யூதத் தலைவர்கள் பவுலைக் குற்றம் சாட்டி ஆளுநர் கல்லியோன் முன் நிறுத்தினர் என்றும், அவர் வழக்கை ஏற்க மறுத்தார் என்றும் நூல் கூறும் நிகழ்ச்சி இங்கு நடந்ததாகக் கருதப்படுகிறது. அரங்கின் அருகே 1929-இல் கிடைத்த தளக்கல்லில், எரஸ்து என்பவர் தம் பதவிக்கு ஈடாகச் சொந்தச் செலவில் தளம் பாவியதாக எழுதப்பட்டுள்ளது. பவுல் தம் கடிதத்தில் குறிப்பிடும் நகர அலுவலர் எரஸ்து இவரே எனச் சிலரும், வேறொருவர் எனச் சிலரும் கூறுவர்.

டெல்பி கல்வெட்டு

பவுலின் பயணங்களுக்கு ஆண்டு கணிக்க உதவும் மிக முக்கியமான கல், பவுல் சென்றதாக எங்கும் கூறப்படாத ஓர் ஊரில் கிடைத்தது. அது கிரீஸ் நாட்டின் டெல்பி. திருத்தூதர் பணிகள் நூலில் ஆண்டுக் கணக்கு இல்லை. பவுலின் கடிதங்களிலும் தேதி இல்லை. எனவே வேறு சான்றின் துணை தேவைப்பட்டது.

டெல்பியில் உடைந்த துண்டுகளாகக் கிடைத்த கல்வெட்டின் முதல் பகுதி 1905-இல் வெளியிடப்பட்டது. அது குளோதியு பேரரசர் எழுதிய கடிதம். மக்கள்தொகை குறைந்த டெல்பியில் புதியவர்களைக் குடியேற்றுவது பற்றியது. அதில் தம் நண்பரும் ஆளுநருமான கல்லியோனைப் பேரரசர் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்.

ஆண்டு எவ்வாறு கிடைக்கிறது? ரோமானியப் படைகள் பெரு வெற்றி பெறும்போது பேரரசரை முழங்கிப் போற்றுவதும், அதனை எண்ணிப் பட்டங்களோடு எழுதுவதும் வழக்கம். டெல்பிக் கடிதம் எழுதப்பட்டபோது குளோதியு 26 முறை அவ்வாறு போற்றப்பட்டிருந்தார். ரோம் நகரில் மாஜியோரே வாயில் என இன்று வழங்கும் நீர்வழி வளைவின் கல்வெட்டு, 27-ஆம் முறையைக் குறிக்கிறது. அந்த நீர்வழி கி.பி. 52 ஆகஸ்ட் 1 அன்று திறக்கப்பட்டது. ஆகவே டெல்பிக் கடிதம் அதற்குச் சற்று முன், ஏறத்தாழ கி.பி. 52-இன் முற்பகுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆளுநரின் பதவிக்காலம் வழக்கமாக ஓராண்டு. இதனால் கல்லியோன் கொரிந்தில் இருந்தது கி.பி. 51-52 எனக் கணிக்கப்படுகிறது. பவுல் கொரிந்தில் இருந்ததும் இதே காலம். இந்த ஒரு புள்ளியிலிருந்து முன்னும் பின்னும் எண்ணியே மற்றப் பயணங்களின் ஆண்டுகள் கணிக்கப்படுகின்றன. இக்கட்டுரையில் 'ஏறத்தாழ' எனத் தரப்பட்டுள்ள ஆண்டுகளும் அவ்வாறு வந்தவையே.

இத்துண்டுகள் டெல்பி அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏதென்சிலிருந்து டெல்பிக்குச் செல்வோர் பலர், புகழ்பெற்ற தேரோட்டி வெண்கலச் சிலையைப் பார்த்துவிட்டு இக்கற்களைக் கவனியாது வருவதுண்டு.

மூன்றாம் பயணம்: எபேசும் மிலேத்தும்

ஏறத்தாழ கி.பி. 53 முதல் 57 வரையிலான இப்பயணத்தில் பவுல் பெரும்பகுதிக் காலத்தை எபேசுவில் செலவிட்டார். துருக்கியின் செல்சுக் நகருக்கு அருகே உள்ள இக்களம் 2015-இல் உலகப் பாரம்பரியக் களமானது.

பெரிய அரங்கு பவுலின் காலத்துடன் நேரடித் தொடர்புடையது. ஆர்த்தெமி தேவதையின் வெள்ளிக் கோயில் உருவங்களைச் செய்து விற்ற தெமேத்திரியு என்ற தட்டார், பவுலின் போதனையால் தொழில் கெடும் என்று தம் தொழிலாளரைத் திரட்டினார். கூட்டம் இந்த அரங்குக்குள் புகுந்து நெடுநேரம் முழக்கமிட்டது என நூல் கூறுகிறது. சுமார் 24,000 பேர் அமரத்தக்க இவ்வரங்கின் விரிவாக்கப் பணி அக்காலத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆர்த்தெமி கோயில் இருந்த இடத்தில் இப்போது துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண் மட்டுமே நிற்கிறது.

எபேசுவில் மிகுதியாகப் படம் எடுக்கப்படும் செல்சு நூலகமோ 2-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. பவுல் அதன் முன் நின்றதாகக் காட்டும் ஓவியங்கள் காலப்பிழை உடையவை. குன்றின் மேல் 'பவுலின் சிறை' எனப்படும் கோபுரம் பழைய நகர மதிலின் பகுதி. பெயர் மட்டுமே மரபு வழி வந்தது. அருகே வேறொரு மலைச்சரிவில் உள்ள குகையில், பவுலையும் தெக்லாவையும் காட்டும் பழைய சுவரோவியம் 1990-களில் வெளிப்பட்டது. இது எப்போதும் திறந்திருப்பதில்லை.

மிலேத்து நகரில் பவுல் எபேசு சபை மூப்பர்களை அழைத்து விடைபெற்றார். அன்று இரு நகரங்களும் துறைமுகங்கள். ஆறுகள் கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் பல கி.மீ. பின்வாங்கிவிட்டது. மிலேத்து அரங்கின் மேல் படியில் நின்று பார்ப்பவருக்குக் கப்பல்களுக்குப் பதிலாக வயல்களே தெரியும்.

எருசலேமும் செசரியாவும்

எருசலேம் கோயிலுக்குள் யூதரல்லாத ஒருவரைப் பவுல் அழைத்துச் சென்றார் என்ற குற்றச்சாட்டால் கலவரம் எழுந்து, ரோமானியப் படையினர் அவரைக் கைது செய்தனர். அக்குற்றச்சாட்டின் கடுமையை விளக்கும் கல் 1871-இல் எருசலேமில் கிடைத்தது. கோயிலின் உட்புறத் தடுப்பைத் தாண்டும் வேற்றினத்தார் தம் சாவுக்குத் தாமே பொறுப்பு என்று கிரேக்கத்தில் எச்சரிக்கும் அக்கல், இன்று இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பின் பவுல் கடற்கரை நகரான செசரியாவில் இரண்டாண்டு காவலில் இருந்தார். கடலுக்குள் நீண்ட நிலமுனையில் ஏரோதின் அரண்மனை இடிபாடுகள் உள்ளன. அதுவே ரோமானிய ஆளுநரின் மாளிகையாகவும் பயன்பட்டது. பவுல் காவல் வைக்கப்பட்டதாக நூல் கூறும் கட்டடம் இதுவே எனக் கருதப்படுகிறது.

ரோமுக்குச் சென்ற பயணம்

பேரரசரிடம் முறையிட்ட பவுலைக் கைதியாக ரோமுக்குக் கப்பலில் அனுப்பினர். கடற்பயணக் காலம் முடிந்தபின் புறப்பட்ட அக்கப்பல், 276 பேருடன் புயலில் சிக்கி மால்ட்டாவில் உடைந்தது. தீவின் வடக்கே உள்ள விரிகுடா பவுலின் பெயரால் வழங்குகிறது. ரபாத் ஊரில் அவர் தங்கியதாகக் கூறப்படும் குகை உள்ளது. பிப்ரவரி 10 அன்று கப்பல் சேதத் திருநாள் கொண்டாடப்படுகிறது. அட்ரியாட்டிக் கடலின் மிலியெத் தீவே அது என்ற கருத்தும் உண்டு. பெரும்பாலோர் மால்ட்டாவையே ஏற்கின்றனர்.

இத்தாலியில் பவுல் கரை இறங்கிய புத்தயோலி, நேப்பிள்ஸ் அருகே உள்ள இன்றைய பொட்சுவோலி. அங்கிருந்து ரோமுக்கு ஆப்பியா சாலை வழியே சென்றார். இச்சாலை 2024-இல் உலகப் பாரம்பரியக் களமானது. ரோமுக்கு வெளியே இதன் பழைய கற்பாதையில் இன்றும் நடக்கலாம்.

பவுலின் இறப்பை விவிலியம் கூறவில்லை. நீரோ பேரரசர் காலத்தில் தலை வெட்டப்பட்டார் என்பது மரபு. அவ்விடமாகத் 'மூன்று நீரூற்றுகள்' மடம் காட்டப்படுகிறது. கல்லறை இருந்த இடம் பற்றிய செய்தி பழமையானது. ஒஸ்தியா சாலையில் ஒரு நினைவிடம் இருந்ததை ஏறத்தாழ கி.பி. 200-இல் ரோமைச் சேர்ந்த காயு என்பவர் குறிப்பிட்டுள்ளார். 4-ஆம் நூற்றாண்டில் அங்கு எழுந்த பெருங்கோயில் 1823 ஜூலையில் தீயில் அழிந்தது. இன்றுள்ள 'மதிலுக்கு வெளியே பவுல் பெருங்கோயில்' அதன்பின் கட்டப்பட்டு 1854-இல் அர்ச்சிக்கப்பட்டது. பீடத்தின் அடியில் 'திருத்தூதர், மறைசாட்சி பவுலுக்கு' எனப் பொருள்படும் இலத்தீன் எழுத்துகள் கொண்ட பலகையும், அதன்கீழ் கல் பேழையும் உள்ளன. 2002 முதல் 2006 வரை நடந்த அகழ்வில் பேழை வெளிப்பட்டது. பேழையினுள் இருந்த எலும்புத் துண்டுகள் கி.பி. 1 அல்லது 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கரிமக் கணிப்பில் தெரியவந்ததாக 2009 ஜூனில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அறிவித்தார். எலும்புகள் யாருடையவை என்பதைக் கரிமக் கணிப்பால் கூற இயலாது. அது காலத்தை மட்டுமே காட்டும்.

தமிழ் விவிலியங்களில் ஊர்ப் பெயர்கள்

தமிழில் இத்தலங்களைப் படிப்போர் ஒரே ஊருக்கு இரு பெயர்களைக் காணலாம். பழைய மொழிபெயர்ப்பில் அத்தேனே, தெர்பை, மெலித்தா, ரோமாபுரி என வருபவை, பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் முறையே ஏதென்சு, தெருபை, மால்தா, உரோமை என உள்ளன. அந்தியோக்கியா என்ற பெயரில் இரண்டு ஊர்கள் இருப்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். புறப்பட்ட ஊர் சிரியா மாநிலத்து அந்தியோக்கியா. மலையேறிச் சென்ற ஊர் பிசிதியா அந்தியோக்கியா. வரைபடத்தில் இவற்றைக் குழப்பிக்கொண்டால் முதல் பயணம் விளங்காது.

பயணிகள் கவனத்திற்கு

எல்லாத் தலங்களையும் ஒரே பயணத்தில் காண்பது கடினம். துருக்கியின் மேற்குக் கரையும் கிரீஸும் ஒரு தொகுதியாகவும், கோன்யா சுற்றுவட்டாரம் தனியாகவும், மால்ட்டாவும் இத்தாலியும் மற்றொரு தொகுதியாகவும் கொள்வது எளிது. சிரியாவுக்கும் எருசலேமுக்கும் செல்ல எண்ணுவோர் அவ்வப்போதைய பாதுகாப்பு நிலையை முதலில் அறிய வேண்டும். எபேசு, கொரிந்து போன்ற திறந்தவெளிக் களங்களில் நிழல் குறைவு. கோடையைத் தவிர்த்து ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செல்வது நல்லது. அரயோப்பாகு பாறை பலர் நடந்து வழவழப்பானது. வழுக்காத காலணி தேவை.

களத்தைக் காணுமுன் அல்லது கண்டபின் அதனருகே உள்ள அருங்காட்சியகத்தையும் காண வேண்டும். பெருகையின் சிற்பங்கள் அன்தால்யாவிலும், ஆர்த்தெமி சிலைகள் செல்சுக்கிலும், தெருபைக் கல்வெட்டு கோன்யாவிலும் உள்ளன. ஓரிடத்தில் வழிகாட்டி எதையேனும் சுட்டிக்காட்டும்போது, இது எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது, எதைக் கொண்டு அவ்வாறு கூறுகிறார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பது நலம். களத்தின் தகவல் பலகைகளில் பெரும்பாலும் விடை இருக்கும். உடைந்த கல் துண்டுகளை நினைவுப் பொருளாக எடுத்துவருவது இந்நாடுகளில் தண்டனைக்குரிய குற்றம். எழுத்துள்ள ஒரு சிறு துண்டு காணாமற்போனால் அதனுடன் ஓர் ஆண்டுக் கணக்கே காணாமற்போகக்கூடும் என்பதை டெல்பித் துண்டுகள் காட்டுகின்றன.